வேலை பார்த்துக்கிட்டே நர்சிங்: தங்கையைச் சேர்க்கலாமா?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 11

தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், வரலாறு குரூப். எங்கள் ஊரிலிருந்து பதினாலு கிலோமீட்டரில் முப்பது படுக்கை உள்ள தனியார் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. "மூணு வருஷம் இங்கேயே தங்கி வேலை பாக்கட்டும். சாப்பாடு, ரூம், மாசம் 4,000 ரூபாய். நர்சிங் எல்லாம் சொல்லிக் குடுத்துருவோம், முடிஞ்சதும் சர்ட்டிபிகேட்" என்கிறார்கள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. காசு கட்டிப் படிக்க வைக்க வழியில்லை. கையில் தொழில் இருந்தால் போதாதா?

ஜூன் 11, மாலை

சேர்க்காதீங்க தம்பி, ஒரு நர்ஸா சொல்றேன்.

அந்த சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டலாம், சட்டப்படி ஒண்ணும் ஆகாது. ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங், இதுல ஒண்ணை அங்கீகாரம் உள்ள இடத்துல படிச்சு, தமிழ்நாடு நர்சிங் கவுன்சில்ல பதிஞ்சு நம்பர் வாங்கினாத்தான் நர்ஸ். இது இன்னிக்கு நேத்து வந்த விதி இல்ல, மெட்ராஸ் மாகாணமா இருந்தப்ப 1926-ல வந்த சட்டம். ஜி.என்.எம். பள்ளி நடத்தணும்னா சொந்தமா 100 படுக்கை ஆஸ்பத்திரி வேணும். முப்பது படுக்கைக்காரங்க "நர்சிங் சொல்லித் தர்றோம்"னா, சொல்லித் தரலாம்தான், செல்லுபடியாகிற சர்ட்டிபிகேட் தர முடியாது. மூணு வருஷம் கழிச்சு உங்க தங்கை வேற ஊருக்குப் போனா மறுபடி பிளஸ் டூ முடிச்ச பொண்ணுதான்.

ஜூன் 11, இரவு 11.40

எழுதிட்டுப் படுத்தேன், தூக்கம் வரல. நான் யோக்கியமாப் பேசல.

ஏன்னா நானே அப்படி வந்தவதான். 1989, பத்தாவது முடிச்ச கையோட, மலை அடிவாரத்துல ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில எங்க அம்மா கொண்டுபோய் விட்டுச்சு. நாப்பது படுக்கை, ரெண்டு டாக்டர். மாசம் 150 ரூபாயும் மூணு வேளைச் சாப்பாடும். வேலைக்குப் பேரு "டிரெயினி". முதல் ஆறு மாசம் ஆயா வேலை: பெட் பேன் கழுவறது, பஞ்சு உருட்டறது, காயத்துக்குக் கட்டற காஸ் துணியை வெட்டி மடிச்சு டிரம்ல அடுக்கி, நீராவியில கிருமி கொல்ற ஆட்டோகிளேவ்ல வைக்கிறது. அடுத்து டெம்பரேச்சர், பி.பி., அதுக்கப்புறம் ஊசி. ரெண்டாவது வருஷம் நைட் டியூட்டியில வார்டு முழுக்க நான் ஒருத்தி. பதினெட்டு வயசு.

அந்த மூணு வருஷம் இல்லைன்னா நான் நர்ஸ் ஆகியிருக்க மாட்டேன். அந்த மூணு வருஷம் மட்டும் இருந்திருந்தாலும் ஆகியிருக்க மாட்டேன். மீதி நாளைக்கு.

ஜூன் 12

ரெண்டு திருத்தம், தனி மெசேஜ்ல ஒரு நர்சிங் பள்ளி டியூட்டர் மேடம் பிடிச்சது.

நேத்து ஒருத்தருக்குப் பதில் போடும்போது ஏ.என்.எம். 18 மாசம்னு எழுதிட்டேன். அது நான் படிச்ச காலம், 1992. இப்ப ரெண்டு வருஷம். அப்ப பத்தாவது போதும், இப்ப பிளஸ் டூ வேணும். வரலாறு குரூப்னு கவலை வேண்டாம், ஏ.என்.எம்.முக்கு எந்தக் குரூப்பும் சரி. ஜி.என்.எம்.முல அறிவியல் குரூப்புக்குத்தான் முன்னுரிமை.

இன்னொண்ணு, 2023-ல தேசிய அளவுல செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கு. மாநிலத்துல பதியணும்ங்கிற கதை அதனால மாறல.

ஜூன் 14

டியூப் கதையைச் சொன்னாத்தான் நான் சொல்ல வர்றது புரியும்.

பாம்புக்கடி கேஸ் வந்தா ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு, ஆடாம அசையாம 20 நிமிஷம் வைப்போம். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பார்க்கணும். உறைஞ்சிருந்தா அந்த நேரத்துக்கு நிம்மதி. தண்ணியா ஓடினா விரியன் விஷம் ரத்தத்துல வேலையைக் காட்டுது, விஷமுறிவு மருந்து ஏத்தணும். பெரிய லேப் எதுவும் வேண்டாம், டியூபும் சுவர்க் கடிகாரமும் போதும். எங்க பக்கம் வாழைத்தோட்டம், கரும்புக்காடு, மழைக்காலத்துல வாரத்துக்கு ரெண்டு மூணு கேஸ் வரும். அந்த டியூபைப் பார்த்துப் பார்த்து, டாக்டர் வர்றதுக்குள்ள நானே எல்லாம் எடுத்து வச்சுருவேன். எனக்கு அதுல கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்துச்சு.

ஒரு நாள் புதுசா வந்த டாக்டர் கேட்டார்: "டியூபை எதுல கழுவுற?" சோப்புத் தூள்ல சார்னேன், பெருமையா. பளபளன்னு இருக்கும்.

அவர் பதில் பேசல. உள்ள போய் தன் விரல்லயே ஊசி போட்டு... இல்ல, கையில நரம்புல எடுத்தார்னு நினைக்கிறேன். அவரோட ரத்தத்தையே என் பளபள டியூப்ல விட்டு வச்சார். இருபது நிமிஷம் ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சாய்ச்சா தண்ணியா ஓடுது. அவரைப் பாம்பு எதுவும் கடிக்கல.

டியூப்ல ரத்தம் உறையறதைத் தொடங்கி வைக்கிறதே கண்ணாடிப் பரப்புதான். சோப்பு படலம் ஒட்டியிருந்தா, பிளாஸ்டிக்கா இருந்தா, நல்ல ரத்தமும் உறையாமப் போகலாம். இது புஸ்தகத்துல ஒரு வரி. ஒண்ணேகால் வருஷமா அந்த ஒரு வரி தெரியாம எத்தனை பேருக்கு வேண்டாத மருந்து ஏறியிருக்கும்? அது குதிரையிலிருந்து எடுக்கிற மருந்து, சிலருக்கு உடம்பெல்லாம் தடிச்சு மூச்சே அடைக்கும். ஒரு பெரியவர் அப்படித் திணறினது ஞாபகம் இருக்கு, பிழைச்சுட்டார். அவருக்கு மருந்து தேவைப்பட்டுச்சா இல்லையான்னு இப்ப யாரும் சொல்ல முடியாது.

வார்டு எனக்குக் கையைக் குடுத்துச்சு. ஏன்னு கேக்கிற புத்தியை வகுப்புதான் தரணும். எங்க ஆஸ்பத்திரியில வகுப்பும் இருந்துச்சு, பேருக்கு: செவ்வாய், வெள்ளி மதியம் ரெண்டரை மணி. மூணு வருஷத்துல நான் உட்கார்ந்த வகுப்பை ரெண்டு கை விரல்ல எண்ணிரலாம். ஓ.பி. முடியாது, இல்லைன்னா லேபர் ரூம்ல யாராவது கத்திட்டிருப்பாங்க, அதுவும் இல்லைன்னா சிஸ்டருக்கே கண்ணு சொக்கும்.

ஜூன் 14, பின்குறிப்பு

"தர்ம ஆஸ்பத்திரின்னா எது, பேரைச் சொல்லுங்க"ன்னு மூணு பேர். சொல்ல மாட்டேன். அங்க சாப்பிட்ட சோறு இன்னும் உடம்புல இருக்கு. (சாம்பார்ல பருப்பைத் தேட டார்ச் வேணும்ங்கிறது வேற விஷயம்.)

ஜூன் 19

ஒரு நண்பர் கோபமா எழுதியிருக்கார்: "காகிதம், காகிதம்னு பேசறீங்க. கூடலூரைப் பாருங்க, சிட்லிங்கியைப் பாருங்க." நியாயம்.

நீலகிரி மாவட்டம் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-ல தொடங்கினது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் வீட்டுப் பொண்ணுங்களையே எடுத்து, வேலையிலேயே வச்சுப் பழக்கி நர்ஸ் ஆக்கினாங்க. ஆஸ்பத்திரின்னாலே காட்டுக்குள்ள ஓடுற சனம், தன் பாஷை பேசற பொண்ணு வெள்ளை உடுப்புல நிக்கிறதைப் பார்த்துட்டு உள்ள வந்துச்சு. அந்தப் பகுதியில சிக்கிள் செல் ரத்தச்சோகை உண்டு. வாழ்நாள் முழுக்கக் கூட வர்ற நோய், மாத்திரையை விடாம சாப்பிட வைக்கணும், வலி வந்தா உடனே வரச் சொல்லணும். அந்தப் பேச்சை மெட்ராஸ்ல நாலு வருஷம் படிச்சுட்டு வந்த பொண்ணு எந்த பாஷையில பேசுவா?

தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியும் அதே வழி. ரெஜி, லலிதான்னு ரெண்டு டாக்டருங்க, தம்பதி, 1990-களின் தொடக்கத்துல ஒரு குடிசையில ஆரம்பிச்சாங்க. பக்கத்து ஊர்ப் பொண்ணுங்கதான் அங்க கையும் காலும். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவுல வெளியூர் ஸ்டாஃப் எத்தனை மாசம் தாங்கும்?

ஆனா நண்பரே, ஒண்ணு கவனிங்க. அங்கெல்லாம் டாக்டரே பக்கத்துல உட்கார்ந்து வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணுங்க அதே ஆஸ்பத்திரியில, அதே சனத்துக்கு வேலை பார்க்கத்தான் பழகினாங்க. தம்பியோட தங்கை கதை அது இல்ல. நாலாயிரம் ரூபாய்க்கு மூணு வருஷம் ஆள் கிடைக்குதுன்னு கணக்குப் போட்ட இடத்தையும் கூடலூரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

அந்தத் தம்பி நான் எழுதினதுக்குக் கீழ ஒரு வரிதான் போட்டிருக்கார்: "அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜூன் 20

டியூட்டி லிஸ்டைக் கேளுங்க.

ஆஸ்பத்திரி சொல்றதைக் கேக்காதீங்க, புரோஷர் பார்க்காதீங்க. நர்சிங் ஸ்டேஷன் சுவத்துல டியூட்டி லிஸ்ட் ஒட்டியிருக்கும். டிரெயினி பேருக்கு நேரா மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப்னு நாலு எழுத்து மட்டும் இருந்தா அது வேலை. வகுப்புன்னு ஒரு கட்டம் இருந்து, அந்த நேரத்துல வார்டுக்கு வேற ஒருத்தர் பேரு போட்டிருந்தா அது படிப்பு. அந்த வேற பேரு முக்கியம். வகுப்புன்னு எழுதிட்டு வார்டுக்கு ஆள் போடலைன்னா எங்க செவ்வாய், வெள்ளி மாதிரிதான்.

ஜூன் 23

ஜெர்மனி பத்திக் கேட்டிருந்தாங்க. எங்க தெருவுலயே ஒரு பொண்ணு பி2 லெவல் ஜெர்மன் படிச்சுட்டு அங்க போயிருக்கு, "ஆஸ்பில்டுங்"னு பேரு, வேலையோட சேர்ந்த தொழிற்பயிற்சி. 2020-ல இருந்து அங்க புதுச் சட்டம்: மூணு வருஷம், 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்புன்னு சுத்தி வேலை. முதல் மாசத்துல இருந்தே சம்பளம். வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறதுதான், ஆனா வகுப்பு நேரத்தைச் சட்டத்துலயே எண்ணி வச்சிருக்கான். சிஸ்டருக்குக் கண்ணு சொக்கினாலும் வகுப்பை நடத்தியே ஆகணும்.

அந்தப் பொண்ணு வீடியோ கால்ல சொல்லுச்சு, "ஆன்ட்டி, இங்க பாட்டிகளைக் குளிப்பாட்டறதுதான் முதல் வருஷம் பூரா." பெட் பேன் எல்லா நாட்டுலயும் பெட் பேன்தான்மா.

ஜூன் 23, இரவு

இதுல வெள்ளைக்காரனைத் தூக்கி வைக்கிறேன்னு நினைக்காதீங்க. ஸ்டூடண்ட்டை வச்சு வார்டு ஓட்டற பழக்கத்தை இங்க கொண்டுவந்ததே அவங்க ஆஸ்பத்திரிப் பள்ளிங்கதான். வேலூர்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா 1909-ல நர்ஸ் பயிற்சி ஆரம்பிச்சாங்க. பொண்ணை நர்ஸ் வேலைக்கு அனுப்ப வீட்டுல சம்மதிக்காத காலம். பட்டப்படிப்பு அங்க வர்றதுக்கு 1946 ஆச்சு. அதே வருஷம், ஜோசப் போர்ங்கிறவர் தலைமையில அரசாங்கம் போட்ட சுகாதாரக் கமிட்டியோட அறிக்கை, அன்னிக்கு பிரிட்டிஷ் இந்தியா முழுக்கச் சேர்த்து நர்ஸ் சுமார் 7,000 பேர்தான்னு கணக்குச் சொல்லுது. அவ்வளவு பேரை வச்சுக்கிட்டு, ஸ்டூடண்ட் இல்லாம எந்த வார்டு ஓடியிருக்கும்? அந்தக் காலத்துக்கு அது புரியுது. 2024-ல புரியல.

ஜூலை 2

நடுவுல ஒரு கிளைக்கதை. "முதல் ஊசி யாருக்குப் போட்டீங்க?"ன்னு கேட்ட பாப்பாவுக்கு: ஆரஞ்சுப்பழத்துக்கு. எல்லாரும் அதுலதான் பழகுவோம். நாங்க அஞ்சு பேர், ஒரே பழம், டிஸ்டில்டு வாட்டர் ஏத்தி ஏத்தி அது பூசணிக்காய் மாதிரி ஆயிருச்சு. அடுத்த நாள் காலையில தட்டுல இல்ல. வாட்ச்மேன் தாத்தா சாப்பிட்டுட்டார். "சாறு அதிகம், இனிப்பு கம்மி"ன்னார்.

ஜூலை 9

ஒரு வாரமா ஒண்ணை எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். ஜூன் 20-ல பெரிய நீதிபதி மாதிரி டியூட்டி லிஸ்டைக் கேளுங்கன்னு எழுதினவ, அந்த லிஸ்டைப் போட்டவளும் நான்தான்.

ஏ.என்.எம். முடிச்சு, பிளஸ் டூ தனித்தேர்வரா எழுதி, ஜி.என்.எம். படிச்சு, வேலையில இருந்துக்கிட்டே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல மூணு வருஷ பி.எஸ்சி.யும் முடிச்சு (பிளாக்னு புஸ்தகம் வரும், நைட் டியூட்டியில மடியில வச்சுப் படிப்பேன்), 2009 வாக்குல வேற ஒரு ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்கு இன்சார்ஜ் ஆனேன். அங்க அங்கீகாரம் உள்ள ஏ.என்.எம். பள்ளி. எல்லாம் முறைப்படி. வியாழக்கிழமை மதியம் வகுப்பு.

ஒரு பொண்ணு. பேர் வேண்டாம். கை அப்படி ஒரு கை. ஒரு மாசக் குழந்தைக்கு, வயித்துப்போக்குல வத்திப்போய் நரம்பே தெரியாது, நாங்க மூணு பேர் குத்திக் குத்தித் தோத்துப் போவோம். அவ வந்து கையைத் தடவிப் பார்த்துட்டு ஒரே குத்துல போட்டுருவா. பிள்ளையும் சரியா அழாது. அவ இருக்கிற ஷிஃப்ட்னா எனக்கு நிம்மதி.

அதனால என்ன பண்ணினேன்? வியாழக்கிழமை வகுப்புக்கு எல்லாரையும் அனுப்புவேன், அவளை மட்டும் நிறுத்திக்குவேன். "நீ இரும்மா, உனக்குத்தான் தெரியுமே." இதைப் பாராட்டாச் சொல்றதா நினைச்சேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கிட்டா, முகம் மலர்ந்து நிப்பா. ஆறு மாசம், ஏழு மாசம். வேலையே பிடிபடாம ட்ராலியைத் தட்டிவிடற பொண்ணு எல்லா வகுப்புலயும் உட்கார்ந்தா.

முதல் வருஷப் பரீட்சையில அவ ஃபெயில். எதுல? குழந்தை நல நர்சிங். அடுத்த தடவையும் அதுலயே ஃபெயில். நீரிழப்புக்கு உடம்பு எடைப்படி எவ்வளவு திரவம்னு கணக்குக் கேள்வி, அதை அவ எழுதவே இல்லைன்னு டியூட்டர் சொன்னாங்க. நாங்க சொன்ன வேகத்துல டிரிப்பை ஓட்டியிருக்கா, ஏன் அந்த வேகம்னு யாரும் சொல்லல. அதைச் சொல்ற வகுப்பு நடந்தப்ப அவ என் வார்டுல நரம்பு தேடிட்டிருந்தா.

ரெண்டாவது ஃபெயிலுக்கு அப்புறம் அவங்க அப்பா வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டார். நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. என்ன சொல்லியிருக்கணும்னு இப்ப தெரியுது, அவர் இப்ப கேக்கல.

என் டியூபைக் கண்டுபிடிச்ச டாக்டரை நினைச்சுக்குவேன். சோப்புத் தூள் கதை எனக்கு நடந்து இருபது வருஷத்துல, அதையே இன்னொருத்திக்கு நான் பண்ணினேன்.

ஜூலை 10

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் சரி. "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்"னு எழுதினவருக்கு: 2009 அந்தக் காலம் இல்ல சார். என்கிட்ட நோக்கியா போன் இருந்துச்சு.

ஜூலை 11

ஜூன் 20-ல எழுதினதுல ஒண்ணு சேர்க்கணும். லிஸ்டை ஒரு வாரத்துக்குப் பார்த்தாப் போதாது. வகுப்பு ரிஜிஸ்டரைப் பக்கத்துல வச்சு, யாரு வரலைன்னு பாருங்க. மக்கு யாருன்னு அதுல தெரியாது. கை நல்லா இருக்கிற பொண்ணு யாருன்னு தெரியும்.

ஜூலை 21

அரசாங்க வழி ஏதாவது இருக்கான்னு கேட்டவங்களுக்கு. அங்கன்வாடியில வேலை பார்த்த பொண்ணுங்களை ஏ.என்.எம். படிக்க வச்சு வி.எச்.என்., அதாவது கிராம சுகாதார செவிலியரா போட்ட வழி நம்ம மாநிலத்துல உண்டு. எனக்கு அதுல ரொம்ப மரியாதை. ஏற்கெனவே எந்த வீட்டுல யாரு கர்ப்பம், எந்த மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடமாட்டா, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில 3,000 பேருக்கு ஒண்ணு, இது கணக்கு. அதை நடந்தும் ஸ்கூட்டியிலயும் சுத்தறது வி.எச்.என்.

அந்த வழியில எனக்குப் பிடிச்சது, படிக்கிற காலத்துல படிக்க விட்டாங்க. முதல்ல வேலை, பிறகு முழுசாப் படிப்பு, பிறகு மறுபடி வேலை. ஒரே நாள்ல ரெண்டையும் திணிக்கல.

படிச்சு முடிச்சா எல்லாம் பாலும் தேனும்னு சொல்லல. 2015-ல எம்.ஆர்.பி., அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட பரீட்சை எழுதி ஒப்பந்தத்துல போன நர்ஸுங்களுக்கு மாசம் 7,700 ரூபாய்தான். 2017-ல சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரகம்) வளாகத்துல கூட்டமா உட்கார்ந்து போராடினாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. நம்பர் வாங்கினவங்களுக்கே அந்த நிலைமைன்னா நம்பர் இல்லாதவங்களுக்கு என்ன பேரம் பேசுவாங்கன்னு பார்த்துக்கங்க.

ஆகஸ்ட் 4

தம்பி திரும்ப வந்து எழுதியிருக்கார். அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரிக்குத் தங்கையைக் கூட்டிட்டுப் போய் டியூட்டி லிஸ்டைக் கேட்டாராம். மேனேஜர், "நீங்க என்ன லேபர் ஆபீஸா?"ன்னாராம். தங்கைதான் சமாளிச்சிருக்கு: "இல்ல சார், எனக்கு என்னிக்கு ஆஃப்னு பார்க்கத்தான்." காட்டிட்டாங்க. ஒன்பது டிரெயினி பேர். நைட் டியூட்டி எல்லாத்துலயும் அவங்கதான். வகுப்புன்னு ஒரு கட்டம்கூட இல்லையாம்.

பொண்ணு கெட்டி. நர்ஸுக்கு வேண்டிய பாதி அங்கேயே இருக்கு.

இப்ப அவங்க மாவட்டத்துலயே அங்கீகாரம் உள்ள ஒரு ஏ.என்.எம். பள்ளியில விண்ணப்பம் போட்டிருக்காங்க. கிடைக்கும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. பள்ளிக்கு அங்கீகாரம் குடுத்த கவுன்சில் ஆர்டரைக் கேட்டாங்களாம், ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்களாம். நல்ல சகுனம்.

ஆகஸ்ட் 5

தங்கையே தனியா ஒரு கேள்வி அனுப்பியிருக்கு: "ஆன்ட்டி, அப்ப டியூபை எதுல கழுவணும்?"

கழுவக் கூடாது கண்ணு. ஒவ்வொரு தடவையும் புது டியூப். எங்களுக்குப் புதுசு வாங்கக் காசில்லை, அதனாலதான் கழுவினோம். உனக்கு யாராவது கழுவக் குடுத்தா, ஏன்னு கேளு. திட்டுவாங்க, பரவாயில்ல.